ஏன் கட்சியும் ஒற்றை முடிச்சும்

முன்னொரு காலத்தில் தேனாற்றுச் சீமையை உத்துங்கராயன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவன் நினைத்தால் நினைத்ததுதான். ஒருநாள் காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சந்தை இரைச்சல் காதில் விழுந்தது. "இனி நான் குளித்து முடிக்கிறவரை சந்தை திறக்கக்கூடாது" என்று உத்தரவு போட்டுவிட்டான். அதோடு விட்டானா? தான் சாப்பிடுவதற்கு முன்னால் அரசவையில் யாரும் வாயில் ஒன்றும் போடக்கூடாது என்று இன்னொன்றும் போட்டான்.

ராஜா குளியல் என்றால் சும்மாவா? சில நாள் உச்சிவெயில் வந்துவிடும். அதற்குள் மீன் நாறும், கீரை துவண்டுபோகும். வெற்றிலை விற்கிற நாச்சம்மை ஒருநாள் வாடிப்போன கட்டைத் தூக்கிக்கொண்டு சந்தை வாசலில் நின்றாள். "அவர் குளிச்சா குளிக்கட்டும். நாம ஏன் காத்திருக்கணும்?" என்று கேட்டாள்.

அன்றைக்கு அவளோடு சேர்ந்து கேட்டவர்கள் மூன்றே பேர். அடுத்த சந்தைக்கு முப்பது பேர். மழைக்காலம் முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஊர்க்காரர்கள் அதற்கு 'ஏன் கட்சி' என்று பெயர் வைத்தார்கள். சட்டம் போடுமுன் எங்களைக் கேளுங்கள், போட்ட சட்டத்துக்கு ராஜாவும் அடங்கட்டும், வாய் திறந்ததற்காக யாரையும் சிறையில் போடாதீர்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. கட்சி என்றால் சண்டை இல்லாமலா? ராஜாவே வேண்டாம் என்று ஒரு பாதி, இருந்துவிட்டுப் போகட்டும், கேட்டுச் செய்தால் போதும் என்று ஒரு பாதி. ஆறு மாதம் ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருத்தர் போகவில்லை. நாச்சம்மைதான் கெஞ்சிக் கூத்தாடி எல்லாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்தாள்.

தளவாய் செண்டலங்காரன் சும்மா இருப்பானா? மந்திரி அம்பலவாணரை ராஜா அருகில் உட்காரவைப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவன் அவன். கட்சியைப் பிடிக்கிறேன் என்று சொல்லித்தான் ஐந்நூறு குதிரையும் தங்கப் பிடி வாளும் வாங்கியிருந்தான். நாச்சம்மையைப் பிடித்துவந்து சிறையில் தள்ளிவிட்டு, "வெள்ளிக்கிழமை இவளை யானைக் காலில் இட உத்தரவாக வேண்டும்" என்றான்.

ராஜா தாடையைத் தடவினான். "அவள் செய்த குற்றம் என்னய்யா?"

"நாடே ஒன்று சொல்ல, இவள் கூட்டம் மட்டும் வேறொன்று சொல்கிறது மகாராஜா. மொத்தப் பேருக்கும் மாறாக நிற்கிற சிலர் துரோகிகள். இதையே சட்டமாக்குங்கள்."

அம்பலவாணர் எழுந்தார். ராஜாவுக்கும் தளவாய்க்கும் ஒரே ஆச்சரியம். ஏனென்றால் அவர், "அருமையான சட்டம். இப்போதே முத்திரை வைத்துவிடலாம்" என்றார். ராஜாவும் வைத்துவிட்டான்.

"இனி, நாச்சம்மை சாகவேண்டும் என்று மொத்த அவையும் சொன்னதாகக் கல்லில் வெட்டவேண்டும்" என்றார் மந்திரி. "கையைத் தூக்கினால் போதாது, மகாராஜா. நம் ஊர்ச் சபைகளில் செய்கிற மாதிரி குடத்தில் ஓலை போடுவோம். திரைக்குப் பின்னால் போய், சாகட்டும் என்பவர் குருத்தோலையில் ஒரு முடிச்சுப் போடட்டும். வேண்டாம் என்பவர் வெறும் ஓலையைப் போடட்டும். பெயர் வேண்டாம். தாங்களும் போடுங்கள்."

"என் அவையில் எனக்கு மாறாக யார் இருக்கிறார்கள்?" என்று ராஜா சிரித்தான். ஆனாலும் பார்த்துவிட ஆசை வந்துவிட்டது அவனுக்கு. முதல் ஆளாகப் போய் ஓலை போட்டுவிட்டு வந்தான். பின்னால் முப்பத்தொரு பேரும் போனார்கள்.

குடத்தைக் கவிழ்த்தார்கள். ராஜா தானே குனிந்து பிரித்தான். வெறும் ஓலை, வெறும் ஓலை, மறுபடியும் வெறும் ஓலை. முப்பத்திரண்டில் ஒன்றே ஒன்றில்தான் முடிச்சு இருந்தது. தினமும் பசியோடு உட்கார்ந்து "ஆஹா, ஆஹா" என்று தலையாட்டிய பெரிய மனிதர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

தளவாய் மார்பைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "பார்த்தீர்களா மகாராஜா? இத்தனை துரோகிகளுக்கு நடுவில் அடியேன் ஒருத்தன்தான் விசுவாசி. அந்த முடிச்சு என்னுடையது."

"அப்படியா?" என்றான் ராஜா. "அப்படியென்றால் நான் போட்ட முடிச்சு எங்கே போயிற்று?"

தளவாய் மார்பில் வைத்த கையை இறக்கினான். பிறகு மெல்ல உளறினான்: "அவள் செத்துக் கட்சியும் ஒழிந்துவிட்டால் ஐந்நூறு குதிரை எனக்கு எதற்கு என்று கேட்பீர்களே, மகாராஜா."

ராஜாவுக்குக் கோபம்கூட வரவில்லை. பயம்தான் வந்தது. அம்பலவாணர் கைகூப்பி நின்றார். "மன்னிக்கவேண்டும் மகாராஜா. முப்பத்தொரு பேர் ஒன்று சொல்கிறார்கள், ஒருத்தர் வேறு சொல்கிறார். முத்திரையின் ஈரம் இன்னும் காயவில்லை. சட்டப்படி அந்த ஒருத்தரை என்ன செய்வது?"

ராஜா அந்த முடிச்சுப் போட்ட ஓலையைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு, "அந்த வெற்றிலைக்காரியைக் கூப்பிடு" என்றான்.

விலங்கோடு வந்தாள் நாச்சம்மை. ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். "இந்த அவையில் நான் தனி ஆளம்மா. நீ சாகவேண்டும் என்று சொன்னவன் நான் ஒருத்தன்தான். என்னை என்ன செய்யலாம், நீயே சொல்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒண்ணும் செய்யவேண்டாம் சாமி. உங்க மனசில பட்டதைச் சொன்னீங்க. ஒத்தை ஆளா இருந்தாலும் சொல்லலாம். அதுக்காக யாரும் உங்களைத் தொடக்கூடாது. இதைத்தான் இத்தனை நாளா நாங்க கத்திக்கிட்டிருக்கோம்."

ராஜா முத்திரை வைத்த ஓலையைத் தன் கையாலேயே கிழித்தான். தளவாயின் வாளை வாங்கி வைத்துக்கொண்டு அவனை லாயத்துக்கு அனுப்பினான். மந்திரிக்குத் தன் கழுத்து மாலையைப் போட்டான். அப்புறம் கொல்லனைக் கூப்பிடச் சொல்லி, அவன் வருகிறவரை அந்த விலங்கைத் தானே கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு நாச்சம்மை பக்கத்தில் நின்றான்.