கிளெக் துரையும் உரிக்காத தேங்காயும்

மில்லில் தறி மாட்டச் சீமையிலிருந்து வந்தவர் கிளெக் துரை. கோயமுத்தூருக்கு வந்து இருபத்தாறு வருஷம். பேசுகிற தமிழெல்லாம் தறிக்கூடத்தில் கற்றதுதான். ஞாயிறு தவறாமல் மருதமலை அடிவாரத்துக்கு வந்து ராக்கியப்ப சாமியின் குடிசை முன் உட்காருவார். சாமிக்குத் துரையைவிட இருபது வயது குறைவு. ஒரு காலத்தில் அதே மில்லில் நூல் சுற்றியவர். இழை அறுந்ததற்குத் துரையிடம் அவர் வாங்காத வசவில்லை.

அன்றைக்குத் துரை உட்காரவில்லை.

"சாமி, சாயங்கால வண்டியிலே எங்க அண்ணன் போத்தனூருக்கு வர்றான். என்னைப் பார்க்கத்தான் கப்பலேறி வந்திருக்கான். நான் ஸ்டேஷனுக்குப் போறதா வேண்டாமான்னு நீங்க சொல்லோணும்."

"அண்ணன் வந்தா போறதுதானுங்களே?"

"முப்பத்திரண்டு வருஷமாப் பேச்சில்லீங்க."

துரை கொட்டித் தீர்த்தார்.

வாலிபத்தில் அண்ணன் தம்பி இருவரும் சீமையில் தறி ஓட்டிக்கொண்டே ஊர் ரக்பி சங்கத்தில் ஆடியவர்கள். பந்தோடு ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்துச் சாய்க்கும் ஆட்டம். காசு வாங்காமல் ஆட வேண்டும் என்பது அங்கே சட்டம். தறியை விட்டு ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. கூலி கொடுத்து ஆடவைக்கும் புதுச் சங்கங்கள் அப்போதுதான் தலையெடுத்திருந்தன. பின்னால் ரக்பி லீக் என்று பேர் வாங்கியது அந்த ஆட்டம்தான். தம்பி அந்தக் கூலிச் சங்கத்துக்குப் போனான். ஆறு வருஷம் ஆடினான். மூக்கு இரண்டு தரம் உடைந்தது.

"பழைய சங்கத்துப் பலகையிலே என் பேரு இருந்துச்சுங்க. காசுக்கு ஆடினவன்னு அதை அழிச்சுட்டாங்க. கறுப்புப் பெயிண்ட் டப்பாவைக் கையிலே எடுத்தது யாருங்கறீங்க? எங்க அண்ணன்!"

சாமி எழுந்து போய், உரிக்காத தேங்காய் ஒன்றை எடுத்து வந்தார்.

"உங்க பந்து இப்படித்தானே இருக்கும்?"

"கிட்டத்தட்ட."

"நான் ஓடறேன். புடிங்க பார்க்கலாம்."

"சாமி, எனக்கு அம்பத்தஞ்சு வயசு."

"நூல் அறுந்தப்ப மட்டும் மில்லு முச்சூடும் துரத்துனீங்க?"

சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பத்தடி தாண்டவில்லை. துரையின் தோள் தொடையில் வந்து மோதியது. இருவரும் புழுதியில். சாமியின் காலிரண்டும் துரையின் கைக்குள். துரையின் முகத்தில் இருபது வயசுச் சிரிப்பு.

"சாய்ச்சாச்சு. அடுத்தது என்ன?" என்றார் சாமி.

"நான் விட்டுடோணும். பழைய ஆட்டத்திலே ஆள்மேல ஆள் விழுந்து குவியலாக் கிடப்போம். புதுசுலே அது கிடையாது. நான் விட்டதும் நீங்க எந்திரிச்சு, பந்தைக் கீழே வெச்சு, காலாலே பின்னாடி உருட்டோணும். மறுபடி ஆட்டம் நடக்கும்."

"விடாதீங்க."

"ஏனுங்க?"

"விடாதீங்கன்னேன்."

விடவில்லை. வெயில் ஏறியது. துரையின் முழங்கை எரிந்தது. கழுத்தில் எறும்பு ஊர்ந்தது, தட்டிவிடக் கை இல்லை. சாமியோ திரும்பிப் படுத்து, தேங்காயைத் தலைக்கு வைத்து, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, வலிக்குதுங்களா?"

"எனக்கென்ன, சொகமாப் படுத்திருக்கேன். உங்களுக்கு?"

"இடுப்பு போச்சுங்க. எந்திரிக்கட்டுங்களா?"

"தாராளமா. காலை மட்டும் விட்டுடாதீங்க."

துரை எழப் பார்த்தார். முடியவில்லை. இன்னொரு தரம் பார்த்தார். அப்புறம் வெகுநேரம் அசையவே இல்லை.

பிறகு கை நெகிழ்ந்தது. மல்லாந்து விழுந்தார். கூடத்துத் தறியெல்லாம் ஒரே நேரத்தில் நின்றதுபோல நெஞ்சுக்குள் ஒரு அமைதி. எறும்பைத் தட்டிவிட்டு, "அப்பாடா" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து வானத்தைப் பார்த்தபடியே கேட்டார். "இருந்தாலும், பெயிண்ட் டப்பாவை எடுத்தது எங்க அண்ணன்தானுங்களே, சாமி?"

சாமி எழுந்து நின்றார். தேங்காயைத் தரையில் வைத்துக் குதிகாலால் பின்னுக்கு உருட்டினார். அது துரையின் கையருகே வந்து நின்றது.

"ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போங்க. அண்ணன் வண்டியை விட்டு இறங்கறதுக்குள்ளே அவர்மேல எறிஞ்சுடாதீங்க. வயசானவர்."