ராஜாவின் இமையும் செவந்தியின் கையும்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. வெண்குன்றம் என்றொரு சீமையை மலைக்கோமான் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். அங்கே ஒரு வழக்கம். காலையில் சபை கூடியதும் ராஜா தந்தக் கோலால் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்வான். அதே கோல் அடுத்துத் தளவாய் வீரமார்த்தாண்டனுக்கு, பிறகு வரிசையாக மற்றவர்களுக்கு. ராஜா தீட்டிய கோல் தங்கள் கண்ணிலும் படுவதில் அவர்களுக்கு அத்தனை பெருமை! மைப்பெட்டியைச் சுமந்து வருகிற உரிமை தளவாய்க்குத்தான்.

தேர்த்திருவிழா முடிந்து, மை அரைக்கிற செவந்தி புது மை கொண்டுவந்து கொடுத்தாள். மறுநாள் ராஜா எழுந்தால் வலது இமை பணியாரம் மாதிரி உப்பிக் கிடக்கிறது.

"மையில் விஷம், பிரபு!" என்று குதித்தான் தளவாய். "அவளை வேலைக்குக் கொண்டுவந்தது யார்? நம் மந்திரி திருவம்பலர்தானே!" மந்திரி மேல் அவனுக்கு அப்படியொரு வயிற்றெரிச்சல்.

ராஜா யோசிக்கவே இல்லை. "உச்சிவேளைப் பறை அடித்ததும் அவள் கையை வெட்டுங்கள்!"

அடப்பாவி! செவந்தியை இழுத்து வந்தார்கள். "ஐயோ மகராசா, வீட்டில் பால்குடிப் பிள்ளை இருக்கு. கையில்லாம எப்படித் தூக்குவேன்?" என்று அழுதாள். வெளியே அரிவாள் தீட்டுகிற சத்தம். முற்றத்து நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. பறையடிப்பவன் கோலைக் கையில் எடுத்துவிட்டான்.

"பிரபு, இமை வீங்க விஷம்தானா வேண்டும்?" என்று முன்னால் வந்தார் மந்திரி. "தூசி விழுந்து கசக்கினால் வீங்கும். பூச்சி கடித்தால் வீங்கும். கட்டி வந்தாலும் வீங்கும். இதோ, அழுது அழுது இவள் இமைகூட வீங்கியிருக்கிறதே!"

"கதை வேண்டாம், திருவம்பலரே. மையில் குற்றமில்லை என்று காட்டும். இல்லையென்றால் உமக்கும் அதே அரிவாள்!"

மந்திரி சபையைச் சுற்றிப் பார்த்தார். தளவாயின் இடது கண்ணில் மட்டும் ஏன் இவ்வளவு மை? இமையெல்லாம் அப்பியிருக்கிறது. ஓரத்தில் நீரும் வடிகிறது. சட்டென்று மந்திரி குரலைத் தாழ்த்தினார்.

"போகட்டும் பிரபு. ஒன்று மட்டும் கேட்கிறேன். ராஜாவுக்கு வரப்போகிற நோவு உண்மையான விசுவாசிக்கு முன்கூட்டியே வந்துவிடும் என்பார்கள். அப்படி ஒருவர் இங்கே இருந்தால் அவரைச் சிம்மாசனத்தில் உங்கள் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாமா?"

ராஜாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. "ஆகா! யாரது?"

"எனக்கும் எரிகிறது!" "எனக்கு இப்போதே அரிக்கிறது!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"இப்போது வந்தால் செல்லாது. முன்பே வந்திருக்க வேண்டும்," என்றார் மந்திரி.

தளவாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. அங்கவஸ்திரத்தால் மையைத் துடைத்துவிட்டு முன்னால் பாய்ந்தான். கட்டி பழுத்து, பீளை கட்டி, பார்க்கவே சகிக்கவில்லை!

"நான்தான் பிரபு! தேர் இழுத்த அன்றைக்கே, தூசி விழுந்து கசக்கினேன், வந்துவிட்டது. இன்னும் கேளுங்கள், தினமும் உங்களுக்கு முன்னால் நான்தான் அந்தக் கோலை என் கண்ணில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துத் தருகிறேன்!"

"தேர் அன்றைக்குப் புது மை பிறக்கவே இல்லையே, தளவாய்!" என்றார் மந்திரி. "விஷமும் இல்லை, ஒன்றும் இல்லை பிரபு. அவர் கட்டியின் அழுக்கு கோல் வழியாக உங்கள் கண்ணுக்கு வந்திருக்கிறது."

ராஜா கொதித்தெழுந்தான். "அவளை விடுங்கள்! இவன் கையை வெட்டுங்கள்!"

"வெட்ட வேண்டாம் பிரபு. கழுவச் சொல்லுங்கள், போதும்."

ராஜா சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது. அன்று முதல் காலையில் சபைக்கு வருகிற எல்லோர் கைக்கும் தண்ணீர் ஊற்றுகிற வேலை தளவாய்க்கு.

மந்திரி கொதித்து ஆறிய வெந்நீரில் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, இளஞ்சூட்டில் ராஜாவின் இமைமேல் வைத்தார். "அடிக்கடி இப்படி ஒத்தடம் கொடுக்க வேண்டும். கசக்கக் கூடாது, பிதுக்கக் கூடாது, ஆறுகிற வரை மை கிடையாது. பார்வை மங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ கைவைத்தியம் போதாது, உடனே கண் வைத்தியரை அழைக்க வேண்டும்."

"இனி ஆளுக்கொரு கோல்," என்ற ராஜா, செவந்தியைப் பார்த்தான். அவள் கையை இன்னும் முந்தானைக்குள்தான் ஒளித்து வைத்திருந்தாள். "பயப்படாதே அம்மா. என்ன வேண்டும், கேள். பொன்னா, நிலமா?"

"ஒண்ணும் வேணாம் மகராசா. நான் வீடு போய்ப் பிள்ளையைத் தூக்குற வரைக்கும் அந்தப் பறையை மட்டும் அடிக்க வேணாம்னு சொல்லுங்க."

ராஜா தலையைக் குனிந்துகொண்டான். அன்றைக்கு வெண்குன்றத்தில் உச்சிவேளை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.