பெயர் சொன்னால் நிற்கும் வகுப்பு

"டீச்சர், அந்தப் பிள்ளைக்கு முட்டி சரியாப் போச்சு. ஆடலாம்னு டாக்டரே சொல்லிட்டார். ஆனா அவ வகுப்புக்கு வரமாட்டேங்கா."

கோவில்பட்டியிலிருந்து பஸ் மாறி இலஞ்சிக்கு வந்திருந்த இசக்கிதுரை மாஸ்டர், வாசல்படியில் செருப்பைக் கழற்றும்போதே இதைச் சொன்னார்.

ரெஜினா டீச்சர் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"எந்தப் பிள்ளை?"

"செண்பகா. மாவு மில்லுக்காரர் மக."

"வராட்டி விடு. வேற பிள்ளைங்க இல்லியா?"

"இருக்கு. ஆனா அவளை மாதிரி ஒண்ணுகூட இல்ல டீச்சர். அடுத்தது தேசியப் போட்டி. அவ வரலேன்னா என் வகுப்பு இருந்து என்ன, இல்லாட்டி என்ன?"

டீச்சர் ஒரு போர்வையை உதறினார். தண்ணீர் மாஸ்டர் முகத்தில் தெறித்தது. அவர் துடைக்கக்கூட இல்லை. அவ்வளவு கவலை.

இந்த டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். பெண்பிள்ளை சைக்கிள் மிதித்தாலே ஊர் வாயைப் பிளந்த காலத்தில் கராத்தேயில் கறுப்பு பெல்ட் வாங்கியவர். மாலையில் ஒரு பழைய பருத்தி குடோனில் வகுப்பு எடுப்பார். தெருவில் அடி வாங்கி அழுதுகொண்டு திரிந்த துரையை மாஸ்டர் ஆக்கியது அந்தக் குடோன்தான்.

துரை மாஸ்டரும் லேசுப்பட்டவர் இல்லை. சொந்தமாக வகுப்பு, நாற்பது பிள்ளைகள். அவர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. கூச்சலும் குத்துமாகப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பிள்ளை அப்படியே கையை இறக்கி, காலைச் சேர்த்து, அவர் பக்கம் திரும்பி, "ஓஸ்" என்று தலை குனியும். கராத்தேக்காரர்களின் வணக்கம் அது. எதிரில் ஆடிய பிள்ளையும் நின்றுவிடும்.

இதைப் பார்க்கவே பெற்றோர்கள் வருவார்கள். வீட்டில் தொண்டை கிழியக் கத்தினாலும் செல்போனை விட்டு நிமிராத பிள்ளை, இங்கே ஒரு குரலுக்கு நிற்கிறதே என்று அம்மாக்கள் உருகிப்போவார்கள். அப்போது மாஸ்டரைப் பார்க்கணுமே, தலைகால் புரியாது.

"எப்படி அடிபட்டா?" என்றார் டீச்சர்.

"மதுரையில மாநிலப் போட்டி. பைனல். நல்லா ஆடிக்கிட்டிருந்தவ நட்டநடுவுல கையை இறக்கி நேரா நின்னுட்டா. எதிராளி போட்ட உதை பக்கவாட்டுல முட்டியில இறங்கிருச்சு. ஜவ்வு கிழிஞ்சு, ஆபரேஷன் வரைக்கும் போயிருச்சு."

"கையை ஏன் இறக்கினா?"

"அதான் எனக்கும் விளங்கல. இறக்கியிருக்கக் கூடாது டீச்சர்."

இதே வாக்கியத்தை அவர் இதற்கு முன்பே கராத்தே சங்கத்தில் சொன்னார். டீக்கடையில் சொன்னார். வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நிஜம் மாதிரி ஆகிவிட்டது.

டீச்சர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

"கையைத் தூக்கு."

"எதுக்கு டீச்சர்?"

"தூக்குலே."

மாஸ்டர் கையை உயர்த்தித் தற்காப்பாக நின்றார். தொப்பை கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. அதற்கென்ன, கை இன்னும் கைதான்.

டீச்சர் வலப்பக்கம் தட்டினார். தடுத்தார். இடப்பக்கம் தட்டினார். அதையும் தடுத்தார். கீழே, மேலே, விலாவில், எங்கே கை வந்தாலும் மாஸ்டர் கை முந்திக்கொண்டு நின்றது. அவர் முகத்தில் லேசாகச் சிரிப்புகூட வந்துவிட்டது.

"துரை!"

பழைய குடோன் குரல்.

மாஸ்டரின் கை இறங்கியது. கால் சேர்ந்தது. தலை குனிந்தது. "ஓஸ்" என்பதில் பாதி வாயிலிருந்து வந்திருக்கும், அதற்குள் கன்னத்தில் விழுந்தது ஓர் அறை.

சும்மா பேருக்கு அடித்த அறை இல்லை. பளாரென்று விழுந்தது. அடுத்த வீட்டுக் குழாயடியில் நின்ற பொம்பளை பதறிப்போய்ப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"கையை ஏன்ல இறக்கின?"

"நீங்க…"

"சொல்லு."

"நீங்க கூப்பிட்டீங்க."

"அவளை யாரு கூப்பிட்டா?"

மாஸ்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பத்தேழு வயது ஆண்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அடி வலித்ததால் என்று நினைத்துவிடாதீர்கள்.

"நான்தான்," என்றார்.

டீச்சர் ஒரு காலி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"பேரைச் சொன்னா நிக்கணும்னு உனக்கு யாரு சொல்லிக்கொடுத்தது?"

"நீங்கதான். மரியாதைக்காக."

"மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது! அந்தக் குடோன்ல திரும்புன பக்கமெல்லாம் இரும்புத் தூணு. எவன் மண்டையாவது தூண்ல மோதப்போகுதுன்னா நான் பேரைச் சொல்லிக் கத்துவேன். ரெண்டு பேரும் நிப்பீங்க. ரெண்டு பேரும் என் பிள்ளைங்க, அதனால நிப்பீங்க. மதுரையில அவளுக்கு எதிர்ல நின்னவ உன் பிள்ளையா?"

"இல்ல டீச்சர்."

"எதிர்ல ஆடுறவ எதுக்கு நிக்கணும்?"

மாஸ்டரின் கை மறுபடியும் கன்னத்துக்குப் போனது.

"பிள்ளை களத்துல இறங்கிட்டா வாயைத் திறக்காதேன்னு சொல்லியிருக்கேனா இல்லியா?"

"சொல்லியிருக்கீங்க. இத்தனை வருஷமா திறக்கல. எந்தப் போட்டியிலயும் திறக்கல. சத்தியமா."

"அன்னைக்குத் தோத்துக்கிட்டிருந்தாளாக்கும்?"

"இல்ல. பாயிண்ட்ல முன்னாடி இருந்தா. கடைசி நிமிஷம். பிடிச்சு நின்னாலே போதும், ஜெயிச்சிருப்பா."

"பிறகு எதுக்குல கூப்பிட்ட?"

கொடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதையே பார்த்தார்.

"எதிர்ப்பக்கத்து மாஸ்டர் நாற்காலியில உக்காரவே இல்ல டீச்சர். எழுந்து எழுந்து கத்துறாரு. இப்படி அடி, அப்படித் திரும்புன்னு ஒரே அமர்க்களம். கேலரியில எல்லாரும் அவரைத்தான் பாக்காங்க. போன்ல படம் பிடிக்கிறதுகூட அவரைத்தான். நான் மட்டும் வாயில கொழுக்கட்டையை வச்ச மாதிரி உக்காந்திருக்கேன். பின்னாடி ஒரு ஆள் கேக்கான், இந்தப் பிள்ளைக்கு மாஸ்டர் வரலியான்னு."

"கேட்டுட்டுப் போறான். உக்காந்திருந்தா உனக்கு என்ன?"

"அவ தானா ஜெயிச்ச மாதிரி ஆயிரும்ல."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று உறைத்தது. இதுவரை மனைவியிடம் சொன்னதில்லை. தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது அவருக்கு.

டீச்சர் திட்டுவார் என்று காத்திருந்தார். இன்னொரு அறை விழுந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.

டீச்சர் திட்டவில்லை.

"ஆஸ்பத்திரியில அவகிட்ட என்ன சொன்ன?"

"நான் வாயைத் திறக்கதுக்கு முன்னாடி அவளே சொல்லிட்டா. 'சாரி மாஸ்டர், நான் கையை இறக்கியிருக்கக் கூடாது'ன்னு ஒரே அழுகை. கால்ல அத்தனை பெரிய கட்டோட."

"நீ என்ன சொன்ன?"

"பக்கத்துல அவ அப்பா நின்னாரு. சங்கத்துக்காரங்க எல்லாரும் நின்னாங்க."

"யாரு நின்னான்னு நான் கேக்கல."



"பரவாயில்லம்மான்னு சொன்னேன்."

டீச்சர் எழுந்து வாசல்படிக்குப் போனார். குனிந்து, மாஸ்டர் கழற்றிப்போட்டிருந்த செருப்பைக் கையால் எடுத்து, தெருவைப் பார்க்க வைத்தார்.

மாஸ்டர் துடித்துப்போனார். "டீச்சர், நீங்க போயி என் செருப்பை… ஐயோ!"

"காபி குடிச்சிட்டுப் போன்னு சொல்லமாட்டேன். தென்காசி பஸ் வார நேரம்."

மாஸ்டர் செருப்பை மாட்டினார். தெருவில் இறங்கியவர் நின்றார்.

"வருவாளா டீச்சர்?"

"அதைக் கேக்கவா அவகிட்ட போற?"

டீச்சர் மிச்சத் துணியை எடுத்து உதற ஆரம்பித்துவிட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மாஸ்டர் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். 'செண்பகா, தப்பு என்னுது' என்றுதான் ஆரம்பிப்பார். ஆனால் வாக்கியம் முடிவதற்குள், 'நம்ம ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு' என்று போய் நிற்கும். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பார். சங்கரன்கோவில் தாண்டும்போது, 'சூழ்நிலை அப்படி ஆயிருச்சு' என்று ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்தவர், இந்த ஆள் யாரோடு முணுமுணுக்கிறார் என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

கழுகுமலை வந்தபோது வாக்கியம் ஒருவழியாகச் சின்னதாகிவிட்டது.

கோவில்பட்டியில் இறங்கி நேரே மாவு மில்லுக்குப் போனார்.

மில் ஓடிக்கொண்டிருந்தது. டின்னும் வாளியுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அப்பா ஓரமாக நின்று மூட்டை தைத்துக்கொண்டிருந்தார். செண்பகா ஸ்டூலில் உட்கார்ந்து, யாருடைய கோதுமையையோ மேலே கொட்டிக்கொண்டிருந்தாள். கை, கழுத்து, புருவம் எல்லாம் மாவு. மாநிலமே திரும்பிப் பார்த்த கால் ஒன்று ஸ்டூலுக்கு அடியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். அவர் பெயரைச் சொல்லக்கூட இல்லை. கை தானாகத் தொடையோரம் இறங்கியது, கால் சேர்ந்தது.

"வேண்டாம்மா, வேண்டாம். உக்காரு," என்றார் மாஸ்டர். மில் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அவளே சுவிட்சை அணைத்தாள். மில்லின் பெல்ட் சுற்றிச் சுற்றி நிற்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்பாவும் ஊசியைப் பிடித்தபடி நிமிர்ந்தார். கொஞ்சம் வெளியே வா என்று சொல்லலாமா என்று மாஸ்டருக்கு ஒரு நினைப்பு ஓடியது. அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் ஆள் இருக்கிறதே என்று தயங்கினார். இன்றைக்கும் ஆள் இருந்தது.

அங்கேயே நின்று சொன்னார்.

"செண்பகா, அன்னைக்கு நீ தப்பே பண்ணல. நான் கூப்பிட்டேன், நீ நின்ன. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் நீ செஞ்ச. நீ ஜெயிக்கும்போது என் குரலும் கேக்கணும்னு ஒரு ஆசையில கூப்பிட்டுட்டேன். உன் காலை உடைச்சது நான்தான்."

அப்பா கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். 

செண்பகா முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை. அதுதான் மாஸ்டரைப் பயப்படுத்தியது.

"தெரியும் மாஸ்டர்," என்றாள்.

"தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். விழும்போதே தெரியும்."

"பிறகு எதுக்கும்மா ஆஸ்பத்திரியில நீ சாரி கேட்ட?"

செண்பகா முழங்கை மாவைத் தட்டிவிட்டாள். வரிசையில் முன்னால் நின்ற பெண்ணின் டின்னை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நான் முதல்ல கேட்டுட்டா, 'நீ ஏன்மா கேக்க, தப்பு என்னுதுல்ல'ன்னு நீங்க சொல்லிருவீங்கன்னு நினைச்சேன் மாஸ்டர்."