பீப்பாய்க்கு மூன்று பிடி மண்

செவக்காட்டூரை அரசாங்கம் தேடி வந்தது ஒரே ஒரு தரம்தான், அதுவும் குழி வெட்ட. மயானத்தை ஒட்டிய புறம்போக்கில் வெட்டியான் காத்தமுத்து குழி வெட்டி முடித்ததும் லாரியிலிருந்து பீப்பாய்களை உள்ளே இறக்கினார்கள். அவற்றில் இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிகளில் கதிரியக்க மருந்து பட்ட கையுறையும் துணியும் ஊசியும்.

"முந்நூறு வருஷம் யாரும் தோண்டாம இருந்தா போதும். முழுப் பொறுப்பும் அரசாங்கத்தோடது!" என்று மைக்கில் முழங்கிய மாநில அதிகாரி, "மூடுய்யா" என்றார்.

காத்தமுத்து மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"உரிமைப்பட்டவங்க மூணு பிடி மண்ணு போடாம நான் மூடுறதில்லீங்கய்யா. பொறுப்புன்னு சொன்னீங்களே, வந்து போடுங்க."

குழியை எட்டிப் பார்த்த அதிகாரியின் கால் தானாகப் பின்வாங்கியது. "இது மத்திய அரசு சரக்குப்பா" என்று பக்கத்தில் நின்றவரைக் காட்டினார்.

மத்திய அதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இங்க இறங்கிட்டா மாநிலத்தோட பாடு."

வேடிக்கை பார்க்க வந்திருந்த ஊர்க்கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அப்ப இதுக்கு நாதியே இல்லீங்களா?" என்றார் காத்தமுத்து.

அதிகாரிகளின் ஜீப்புகள் இரண்டும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டன.

சிரிப்பு அடங்கியது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஊரே காத்தமுத்துவைப் பார்த்தது. அநாதைப் பிணத்துக்கு வெட்டியான்தான் பிள்ளை. அதுவும் அந்த ஊர் வழக்கம்தான்.

அவர் குனிந்து, வெறுங்கையால் மூன்று பிடி மண் அள்ளிப் போட்டார்.

முந்நூறு வருஷத்துக்குப் பொறுப்பேற்றுக்கொண்டவருக்கு அப்போதே அறுபது தாண்டியிருந்தது.