வெள்ளைப் பொட்டு

காட்டோரக் குளம் ஒன்றில் பதினோர் ஆமைகள் குடியிருந்தன. கரையில் ஒரு சின்ன ஜெபக்கூடம். அங்கே போதகர் பேசியதை ஜன்னல் வழியே கேட்டுக் கேட்டு ஆமைகளும் வேதம் பழகின. பிறகு போதகர் போய்விட்டார். கூடம் பூட்டப்பட்டது. ரட்சிக்கப்படுகிறவர்களை ஆண்டவர் முன்பே தேர்ந்துவிட்டார் என்னும் முன்குறித்தல், கிருபை, ரட்சிப்பு என்ற மூன்று சொற்கள் மட்டும் குளத்தில் தங்கிவிட்டன.

ஒரு சமயம் யாரோ வந்து கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்தபோது நாலு ஆமைகளின் முதுகில் சுண்ணாம்பு சொட்டியது. அன்று முதல் அந்த நாலு பேரும் 'முன்குறிக்கப்பட்டவர்கள்' ஆனார்கள். ஞாயிறுதோறும் வெயில் காயும் பாறை அவர்களுக்கு. மற்ற ஏழு பேருக்குச் சேறு. பொட்டு கரைந்துவிடுமோ என்று பயந்து பொட்டுக்காரர்கள் நீந்துவதைக்கூடக் குறைத்துக்கொண்டார்கள்!

மாசிலாமணி என்ற கிழ ஆமையின் முதுகில் ஒரு புள்ளியும் இல்லை. சுண்ணாம்பு சொட்டியதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அதைச் சொல்லிச் சொல்லியே அவர் தொண்டை கரடுதட்டிப் போயிற்று. கேட்பார் இல்லை.

அந்தக் கோடையில் குளம் ஒரு சாண் தண்ணீராக வற்றியது. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடியது. ஆமை நடைக்கு இரண்டு நாள்.

"புறப்படுங்கள்!" என்றார் மாசிலாமணி. "இங்கே இருந்தால் சாவுதான்!"

பொட்டுக்காரர்களில் மூத்தவரான வேதமாணிக்கம் பாறையிலிருந்து தலையை நீட்டினார். "பதறாதேயும் ஓய்! முன்குறிக்கப்பட்டவர்களைத் தேடி ஆறே வரும். மற்றவர்கள் நடந்தும் பிரயோசனம் இல்லை."

"அப்படியா? பிறகு ஏன் தினமும் புழுவைத் தேடி அலைகிறீர்? முன்குறித்த புழு தானாக வாய்க்குள் வராதா?"

சேற்றில் கிடந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"மூடர்களே, கிடந்து சாகுங்கள்! என்னை ரட்சிக்க என் நாலு கால் போதும்!" என்று மாசிலாமணி தனியே நடந்தார்.

முதல் நாள் முழுவதும் பேசிக்கொண்டே போனார். ஒரு கல்லிடம் வாதாடினார். கல் மறுத்துப் பேசவில்லை. ஒரு பட்ட மரத்திடம் வெற்றி பெற்றார். கை தட்ட ஆள் இல்லை. நாற்பது வருஷம் தன்னை எதிர்த்துக் கத்திய குரல்கள்கூட இல்லாத காடு இவ்வளவு பெரிது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் மேட்டுச் சரிவில் ஒரு வேர் தடுக்கியது. மாசிலாமணி உருண்டு மல்லாந்து விழுந்தார்.

நாலு கால்களையும் உதைத்தார். காற்றுதான் அகப்பட்டது. புரண்டுவிட வேண்டும் என்ற வைராக்கியம் மலையளவு இருந்தது. ஊன்றத்தான் மண் இல்லை. வெயில் வயிற்றில் இறங்கியது.

ஒரு காகம் வந்து கிளையில் உட்கார்ந்தது. "அண்ணாச்சி, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"எதற்கு?"

"எனக்குப் பசிக்கிறது."

"உட்கார், போய்விடாதே" என்றார் மாசிலாமணி. தன்னைத் தின்ன வந்ததானாலும் அது பேச்சுத் துணை அல்லவா!

பொழுது சாயும்போது, தன் ஆயுளில் ஒரு தடவையும் சொல்லாததை அவர் சொன்னார். "யாராவது வாங்களேன்!"

சருகு சலசலத்தது. வேதமாணிக்கம்! முள்ளில் உரசி அவர் பொட்டு பாதி உதிர்ந்திருந்தது. மூக்கை மாசிலாமணியின் ஓட்டுக்கு அடியில் கொடுத்து, மூச்சு முட்ட நெம்பினார். மாசிலாமணி புரண்டு மண்ணில் கால் ஊன்றினார். காகம் சலித்துக்கொண்டு வேறு கிளைக்குப் போனது.

"ஆறு உம்மைத் தேடி வரவில்லையா ஓய்?"

"நீர் திட்டும் சத்தம் இல்லாமல் குளத்தில் இருப்புக் கொள்ளவில்லை ஓய். எழுந்து வந்துவிட்டேன். உம்மைப் புரட்டிவிட்டது நானாக விரும்பியா, ஆண்டவர் முன்குறித்தா? அது எனக்கும் தெரியவில்லை."

மாசிலாமணியின் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "மற்றவர்கள்?" என்று கேட்டார்.

"நீர் அவர்களை மூடர்கள் என்றீர். அந்தக் கோபத்தில் கிடக்கிறார்கள்."

இருவரும் நடந்து ஆற்றை அடைந்தார்கள். மாசிலாமணி மூன்றே மூன்று வாய் தண்ணீர் குடித்தார். பிறகு மேட்டைப் பார்த்துத் திரும்பினார்.

"எங்கே ஓய்? பொட்டு வெறும் சுண்ணாம்பு என்று மறுபடியும் சொல்லவா?"

"இல்லை. மல்லாந்து கிடந்தேன், புரட்டிவிட ஒருவர் வந்தார் என்று சொல்ல. நீர் இங்கேயே இரும். வருகிறவர்கள் கரையில் ஒரு முகத்தையாவது பார்க்க வேண்டும்."

சரிவில் அதே காகம் இன்னும் கிளையில் இருந்தது. "அண்ணாச்சி, இந்தத் தடவை மல்லாந்தால் யார் வருவார்?"

"தெரியாது" என்றார் மாசிலாமணி. அந்தப் பெரிய காட்டில் தன்னந்தனியாக, ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிக்கொண்டே ஏறினார்.

மல்லாந்து கிடப்பவனைப் புரட்டிவிடுவது கிருபை. புரண்டவன் அதற்குப் பிறகு எந்தப் பக்கம் நடக்கிறான் என்பது அவன் பொறுப்பு.