மூன்று உக்கிரசேனன் மலைகள்

ஒரு காட்டில் மூன்று மலைகள் இருந்தன. கோடையிலும் பாறை கசிகிற மலைக்கு ஈரமலை என்று பெயர். புல் மண்டியது புல்மலை. மூங்கில் அடர்ந்தது மூங்கில்மலை. பெயர் வைத்தவர்கள் ரொம்ப யோசிக்கவில்லை, குழந்தைகளே. பார்த்ததைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அந்தக் காட்டின் அரசன் உக்கிரசேனன் என்ற புலி. ஒருநாள் நரி வந்து கும்பிட்டது.

"அரசே, புல்லுக்கு ஒரு மலை இருக்கிறது. தங்களுக்கு இல்லையே!"

புலிக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. புல்மலை உடனே உக்கிரசேனன் மலை ஆயிற்று. அடுத்து ஈரமலைக்குத் தன் தாத்தாவின் பெயர். மூங்கில்மலைக்கு, அப்போதுதான் கண் திறந்திருந்த பேரக்குட்டியின் பெயர்.

புலிகள் வீட்டில் பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். ஆகவே மூன்றும் உக்கிரசேனன் மலைகள்.

"பழைய பெயரைச் சொல்பவர் அன்றைக்கு என் இரவுச் சாப்பாடு" என்று புலி அறிவித்தது.

கோடையில் காடு தீப்பிடித்தது. மர உச்சியில் காவல் இருந்த கருமந்திக் குரங்கு, எங்கே ஓட வேண்டும் என்று கத்திச் சொல்ல வேண்டும்.

"உக்கிரசேனன் மலைக்கு ஓடுங்கள்!"

மான்கள் மூங்கில் பக்கம் ஓடின. யானைகள் நடுவழியில் நின்றுவிட்டன. புலி பேரனைக் கவ்விக்கொண்டு தன் மலைக்கே ஓடியது. தீயும் காய்ந்த புல்லைப் பார்த்து அங்கேயே வந்தது. புலியின் மீசை பொசுங்கியது. குட்டி இருமி இருமித் துவண்டது.

கருமந்தி இதை மேலிருந்து பார்த்தது. சாப்பாடானாலும் ஆகட்டும் என்று கத்தியது.

"ஈரமலை! எல்லோரும் ஈரமலைக்கு!"

எல்லோரும் திரும்பினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தது புலிதான்.

ஈரப்பாறையில் கிடத்தியதும் குட்டி மெல்லக் கண் விழித்தது. புலிக்கு அழுகையே வந்துவிட்டது. கருமந்தி வந்து தலைகுனிந்து நின்றது.

"பழைய பெயரைச் சொல்லிவிட்டேன், அரசே."

"சொன்னாய். இனி எல்லோரும் அதையே சொல்லட்டும். மற்ற இரண்டுக்கும் அப்படியே."

நரி பதறியது. "அப்படியானால் தங்கள் பெயர், அரசே?"

"இதோ, இவனுக்கு இருக்கிறதே" என்று புலி குட்டியை நக்கிக் கொடுத்தது.

நீதி: தன் புகழுக்காக ஓர் இடத்தின் பெயரை அழிப்பவன், அந்தப் பெயர் காட்டிய வழியையும் அழிக்கிறான்.