பாவாயி விரித்த பதிமூன்று சீட்டு

கொல்லிமலை ரோட்டில் கொண்டை ஊசி வளைவு எழுபது என்று பலகை சொல்லும். எழுபதையும் ஏறி, தலைசுற்றல் நின்ற பிறகு இடது பக்கம் பார்த்தால் ஓட்டுக்கூரை போட்ட சீட்டு மடம். அங்கே பூசை இல்லை, பஜனை இல்லை. பிற்பகல் மூன்று மணிக்கு பிரிட்ஜ் ஆட்டம், அவ்வளவுதான்.

மடத்தின் குரு செம்பவளம் அம்மாவுக்கு நாற்பது வயசு. காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஒருநாள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு சீட்டுக்கட்டோடு மலையேறிவிட்டார். அவர் சீட்டுக் கலைக்கிற காற்றில் மாடு கட்டிய கயிறு ஆடும். மதில்மேல் பதினோரு குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும். யாராவது தப்பாக ஆடினால் சத்தம் போடாது. எழுந்து போய்விடும்.

சீடர் குழந்தைவேலுக்கு அறுபத்துநாலு. நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். முப்பத்தோரு வருஷமாக அவருக்குச் சீட்டில் ஜோடி, அவர் மனைவி பாவாயிதான்.

பிரிட்ஜில் எதிரெதிரே உட்காருகிற இருவர் ஒரு கட்சி. எந்த வகை துருப்பு, பதிமூன்று சுற்றில் எத்தனை பிடிப்போம் என்று ஏலம் கேட்பார்கள். இறக்கிய வகை கையில் இல்லாதவர் துருப்பால் வெட்டிப் பிடிக்கலாம்; எந்தக் கை பிடித்ததோ அந்தக் கையிலிருந்துதான் அடுத்த சீட்டு இறங்கும். ஏலம் எடுத்த கட்சியில் ஒருவர் ஆடுவார். மற்றவர் தன் சீட்டையெல்லாம் மேசையில் விரித்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த ஆட்டத்துக்கு அவர் ஊமை. அவர் சீட்டையும் சேர்த்து ஆடுகிறவரே ஆடுவார். விரித்ததும் ஆடுகிறவர் "நன்றி" என்று சொல்வது வழக்கம்.

குழந்தைவேலும் சொல்வார். பாவாயி விரித்ததில் ராஜா ராணி இருந்தால் வாயால் சொல்வார். இல்லாவிட்டால் மூக்கால் சொல்வார்.

அன்றைக்கு பஸ் ஐம்பத்திரண்டாவது வளைவில் திரும்பும்போது பாவாயி சொன்னார்: "இன்னிக்கு ஒருக்கா மூஞ்சியச் சுளிச்சீங்கன்னா அஞ்சரை பஸ்ல நான் மலை எறங்கிருவேன். அப்புறம் வேற ஜோடி பாத்துக்குங்க."

"நான் எப்பச் சுளிச்சேன்?"

"இப்பத்தான்."

மூன்றாவது ஆட்டத்தில் குழந்தைவேலுக்குச் சீட்டு அடைமழையாகக் கொட்டியது. இஸ்பேட்டில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. மற்ற மூன்று வகையிலும் ஒவ்வொரு ஏஸ். "இஸ்பேட் துருப்பு, பத்துப் பிடி" என்று ஏலத்தை எடுத்துவிட்டார்.

எதிர்க்கட்சியில் குருவும் அன்னாசி வியாபாரி மாதையனும். மாதையன் கிளாவர் ராஜாவை இறக்கினார். பாவாயி விரித்தார்.

ஒன்பதுக்கு மேலே ஒரு சீட்டு இல்லை. இஸ்பேட்டில் நாலு, மூணு, ரெண்டு. ஆர்ட்டினில் ஒரே ஒரு ஆறு. மீதியெல்லாம் டைமனும் கிளாவருமாகப் பொடிசு.

குழந்தைவேல் மூக்கால் நன்றி சொன்னார். சுளித்த சுளிப்பில் எதிர்ச்சுவர்ச் சுண்ணாம்பு உதிர்ந்தது. ராஜாவைக் கிளாவர் ஏஸால் பிடித்துவிட்டு, மூச்சுவிடாமல் துருப்பை இறக்கினார்: ஏஸ், ராஜா, ராணி. எதிராளியின் துருப்பைக் காலி பண்ணாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மூன்றாவது சுற்றில் பாவாயியின் கடைசி இஸ்பேட்டும் கூடவே போயிற்று. மதில்மேல் இருந்த குரங்குகள் எழுந்து போயின.

கடைசியில் வந்தது எட்டுப் பிடி.

"ரெண்டு கொறையுது," என்றார் மாதையன். "கொரங்குக்கே பொறுக்கல பாருங்க."

"இந்தச் சீட்ட வெச்சுக்கிட்டு தெய்வமே வந்தாலும் ஆட முடியாதுங்க," என்றார் குழந்தைவேல்.

பாவாயி எழுந்தார். துணிப்பையை எடுத்துக்கொண்டு வெளியே பஸ் நிற்கிற கல்லில் போய் உட்கார்ந்தார். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

குழந்தைவேலின் எதிர் நாற்காலி காலியாக இருந்து அவர் பார்த்ததே இல்லை.

"அம்மா," என்றார் குருவிடம். "அவ போயிட்டா எனக்கு ஆட்டமே இல்லீங்க. நான் எங்க தப்புப் பண்ணினேன்?"

செம்பவளம் கிடந்த சீட்டுகளிலிருந்து பாவாயியின் பதிமூன்றையும் பொறுக்கி, முன்பு இருந்த மாதிரியே விரித்து வைத்தார். குழந்தைவேலின் சீட்டை அவர் கையில் கொடுத்தார்.

"நன்றி சொல்லுங்க."

"நன்றி." அவர் விரல் அதற்குள் இஸ்பேட் ஏஸை உருவியிருந்தது. குரு அந்த விரல்மேல் தன் காபி டம்ளரை வைத்தார். நல்ல சூடு.

"எதுக்கு நன்றி?"

"வழக்கமுங்க."

"எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் சொல்லுங்க. அவசரமில்ல."

"பஸ் அஞ்சரைக்குங்க."

"அவசரமில்லன்னேன்."

குழந்தைவேல் விரலை இழுத்து ஊதிக்கொண்டே எண்ணினார். "என்கிட்ட துருப்பு அஞ்சு, மத்த ஏஸ் மூணு. எட்டாச்சு. பத்துக்கு ரெண்டு வேணும். இவ சீட்டுல ஒண்ணுமில்லையே."

"இல்லாததை விடுங்க. இருக்கிறதச் சொல்லுங்க."

"ஆர்ட்டின்ல ஒரே ஆறு."

"ம்."

"என்கிட்ட ஆர்ட்டின் ஏஸ், ஏழு, நாலு. ஏஸை இறக்கினா இவ ஆறு போயிரும். அப்புறம் இவகிட்ட ஆர்ட்டினே இல்ல." அவர் குரல் தாழ்ந்தது. "நான் ஏழை இறக்கினா இந்த இஸ்பேட் ரெண்டு வெட்டிரும். டைமன் ஏஸ் போட்டு என் கைக்கு வந்துட்டு, ஆர்ட்டின் நாலை இறக்கினா இஸ்பேட் மூணு வெட்டும். எட்டும் ரெண்டும் பத்து."

"இஸ்பேட் நாலு மட்டும் சும்மாவா இருக்கு?"

வெகுநேரம் பார்த்தார். "இல்லீங்க. அதைப் பிடிச்சுத்தான் நான் மறுபடி என் கைக்கு வரோணும். அதுக்குப் பொறவுதான் துருப்ப இறக்கோணும். நான் எடுத்த எடுப்புல அவ துருப்ப அவகிட்டிருந்து பிடுங்கிட்டேன்."

இஸ்பேட் ரெண்டை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாதையன் வெளியே பார்த்தார்.

குரு டம்ளரை எடுத்துக் காபியைக் குடித்தார்.

குழந்தைவேல் கல்லுக்குப் போய்ப் பாவாயி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாவாயி, உன்னோட ரெண்டும் மூணும்…"

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"விரிக்கிறப்பவே. ரெண்டு வெட்டு, நாலுல திரும்பி வந்தறலாம். அத்தன சந்தோசமா விரிச்சேன். நீங்க சீட்டையும் பாக்கல, என்னையும் பாக்கல."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல."

"ஊமைங்க நான்."

கீழே எங்கோ பஸ் ஹாரன் கேட்டது.

"முப்பத்தோரு வருசமாவா?"

"எல்லா ஆட்டத்துலயும்னு சொல்ல முடியாது. பாதி இருக்கும்."

குழந்தைவேல் தலை குனிந்துகொண்டார். "அத்தனைக்கும் நான் மூக்காலதானே சொன்னேன். நீ எம்முன்னால உக்காந்ததே பெருசு, பாவாயி. இப்பப் போறதுன்னா போ. நான் ஒண்ணும் சொல்லல."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "வர்றீங்களாம்மா?"

பாவாயி படிக்கட்டைப் பார்த்தார். கணவரின் சிவந்த விரலைப் பார்த்தார்.

"நீ போ சாமி. நாங்க அன்னாசி வேன்ல வந்துக்கறோம்."

உள்ளே வந்து உட்கார்ந்து, புதிதாகப் போட்ட சீட்டைக் கையில் எடுத்ததும் பாவாயி சொன்னது ஒன்றுதான். "இந்த ஏலத்த நான் எடுப்பேன். குறுக்க வராதீங்க."

ஆர்ட்டின் துருப்பில் ஏலத்தை எடுத்தார். குரு முதல் சீட்டை இறக்கினார். இப்போது விரிக்க வேண்டியவர் குழந்தைவேல். தன் கையில் இருந்த கூளத்தை, சம்பந்தி வீட்டார் முன்னால் கிழிந்த பனியனோடு நிற்கிறவரைப் போல, ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்.

பாவாயி பார்த்தார். ஒரு சீட்டையும் விடாமல், இடமிருந்து ஒருமுறை, வலமிருந்து ஒருமுறை பார்த்தார். உதடு எதையோ எண்ணியது. மாதையன் இரண்டு தரம் கொட்டாவி விட்டார்.

"ரொம்ப நன்றிங்க," என்றார் பாவாயி.

குழந்தைவேலுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாவாயி, இதுல என்ன இருக்குன்னு நீ…"

"ஊமை பேசக் கூடாதுங்க ஐயா," என்றார் செம்பவளம். "அவங்க ஆடும்போது தெரியும்."